பொறுப்பைக் கைமாற்றுதல்

சீடன்: ஐயா, என்னை மேலாளராக உயர்த்திவிட்டார்கள். ஆனால் வேலை இரட்டிப்பாகிவிட்டது. எனக்குக் கீழே இருப்பவர்களிடம் ஒப்படைத்தால் கெடுத்துவிடுகிறார்கள். புதிதாக வந்தவர் ஜிஎஸ்டியைச் சேர்க்காமலே கொட்டேஷனில் மொத்தம் போட்டுவிடுகிறார். அவருக்குப் புரியவைக்கும் நேரத்தில் நானே நான்கு போட்டுவிடுவேன். நானே செய்வதில் என்ன தவறு?

குரு: உன் கணக்கு இன்றைக்குச் சரி. சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம், நீயே செய்தால் கால் மணி. ஆனால் கொட்டேஷன் நாளையும் வரும், அடுத்த மாதமும் வரும். ஒவ்வொரு முறையும் உன் கால் மணி போகும். நாற்றங்கால் பச்சைப் பசேலென்று அழகாகத்தான் இருக்கும். பறித்து நடாவிட்டால் நாற்று அங்கேயே முற்றிப்போகும். வேலையை நீயே வைத்துக்கொண்டால் உன் ஆட்களும் அப்படித்தான்.

சீடன்: பிழையோடு போனால் வாடிக்கையாளர் என்னைத்தானே கேட்பார்?

குரு: உன்னைத்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும். வேலையைக் கைமாற்றலாம், பதில் சொல்லும் கடமையைக் கைமாற்ற முடியாது. நட்ட நாற்று சில நாள் மஞ்சளித்து நிற்கும். அதைப் பார்த்துப் பதறிப் பிடுங்குகிற விவசாயி உண்டா? நட்டதோடு மறந்துவிடுகிறவனும் இல்லை. தினமும் போய்த் தண்ணீர் பார்க்கிறான். அதுபோல, கொட்டேஷன் வெளியே போகுமுன் நீ பார். பிழை இருந்தால் இடத்தைக் காட்டு. திருத்துவது அவர் கையாக இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு நீயே திருத்தி அனுப்பிவிட்டால், தான் செய்தது பிழை என்பதே அவருக்குத் தெரியாது. மறுநாளும் அதே பிழை வரும். அவருக்குத் திறமை இல்லை என்று நீ முடிவு கட்டுவாய்.

சீடன்: அவர்கள் என்னை மிஞ்சிவிட்டால்?

குரு: மிஞ்சட்டும். அடுத்ததைக் கேள்.

சீடன்: பிழையே கூடாத வேலையை எப்படி ஒப்படைப்பது?

குரு: அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண்புரை அறுவையில் கை தேர்ந்தவர். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் மருத்துவமனை அவருடைய இரண்டு கைகளோடு நின்றிருக்கும். அவர் வேலையைப் பிரித்தார். நோயைக் கணிப்பதும் அறுவை செய்வதும் மருத்துவருக்கு. பார்வையைச் சோதிப்பது, நோயாளியைத் தயார்ப்படுத்துவது, கருவிகளை எடுத்து வைப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களுக்கு. அங்கே அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடியும்போது, அடுத்த மேசையில் நோயாளி கண் துடைக்கப்பட்டு, துணி போர்த்தப்பட்டு, தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும். நுணுக்கமான வேலை என்பதாலேயே அங்கே ஒவ்வொரு படியும் வரையறுக்கப்பட்டு, கற்பிக்கப்பட்டு, பிறகு ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே ஒப்படைத்தலுக்கு ஒழுங்கு உண்டு. தன்னால் மட்டுமே முடிவது எது என்று முதலில் பிரிக்க வேண்டும். அது நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். மற்றதை எழுதி வைத்து, செய்து காட்டி, செய்யவைத்துப் பார்க்க வேண்டும். நாற்று வேர் பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். மேலாளர் விடுப்பில் போயிருக்கும்போதும் ஒரு துறையில் வேலை தடையின்றி நடக்கிறது என்றால், அவர் அங்கே ஆட்களை வளர்த்திருக்கிறார்.