17ஆம் இடத்தில் ஒரு புள்ளி

பைத்தான் தருகிற பிழைச்செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். என்ன நடந்தது என்பது கடைசி வரியில் இருக்கும். எங்கே நடந்தது என்பது அதற்கு மேலே. இன்னும் மேலே போகப் போக, எந்த வரி எந்த வரியைக் கூப்பிட்டு இங்கே வந்து நின்றது என்ற கதை. கடைசியாக நடந்தது கடைசியில் இருக்கிறது என்று செய்தியின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்தத் தலைப்பை நின்று படிப்பவர்கள் குறைவு.

புதிதாக நிரல் எழுத வரும் பிள்ளைகள் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் திரையை மூடுகிறார்கள். அடுத்து, லைப்ரரியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். புதுச்சேரியை ஒட்டிய மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு மாலையில் வந்து உட்காரும் கல்லூரிப் பிள்ளைகளும் அப்படித்தான். "அக்கா, லைப்ரரி வேலை செய்யல" என்பார்கள். கடைசி வரியை வாய்விட்டுப் படி என்பேன். தட்டுத்தடுமாறிப் படிக்கும்போதே சிலருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். மற்றவர்களுக்கு எந்தச் சொல் புரியவில்லை என்பதாவது தெரிந்துவிடும். இவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. படிக்காமல் மூடுவதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது கூச்சம். கூச்சம் போகும்வரை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

லைப்ரரி கிடைக்கவில்லை என்று வரும் செய்திக்குப் பைத்தான் 3.6இலிருந்து தனிப் பெயரே உண்டு: மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர். லைப்ரரி வேலை செய்யாததற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்.

முதலாவது, பெயர். தமிழ் எழுத்துகளைக் கையாள ஓப்பன்-தமிழ் என்றொரு லைப்ரரி இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் சேர்ந்து வளர்த்தது. நிறுவும்போது ஓப்பன்-தமிழ் என்று கேட்க வேண்டும். நிரலுக்குள் அழைக்கும்போது தமிழ் என்று மட்டும் எழுத வேண்டும். இது அதற்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. பில்லோ என்று நிறுவுவதைப் பிஐஎல் என்று அழைக்கிறோம், ஓப்பன்சிவி-பைத்தான் என்று நிறுவுவதைச் சிவி2 என்று. எந்தப் பெயரில் நிறுவுவது என்று ஊகித்து அடிக்காதே என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன். பைத்தான் பொதிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் எவரும் பொதியை ஏற்றலாம். பிரபலமான பெயர்களை ஓர் எழுத்து மாற்றி எழுதித் தீங்கான நிரலை ஏற்றியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பொதிகளைப் பலமுறை கண்டுபிடித்து நீக்கியிருக்கிறார்கள். லைப்ரரியை எழுதியவர்களின் வழிகாட்டிப் பக்கத்தில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் சரி.

இரண்டாவது, ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது. ஒன்றில் நிறுவியிருப்போம், இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பைத்தானை ஓட்டுகிறோமோ அதன் பெயரைச் சொல்லி, அதன் வழியாகவே பிப் என்ற நிறுவும் கருவியை அழைத்தால் இந்தக் குழப்பம் தீரும். ஜூன் 2023இல் வந்த டெபியன் 12 லினக்ஸிலிருந்து இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது: இயங்குதளம் தன் வேலைக்கு வைத்திருக்கும் பைத்தானில் நாம் பிப்பால் எதையும் சேர்க்க முயன்றால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுத்துவிடும். பிள்ளைகள் இதைப் பெரிய தோல்வியாக நினைத்துச் சோர்ந்துபோகிறார்கள். கணினியைக் காப்பதற்காக வைத்த வேலி அது. திட்டத்துக்கொரு தனிச்சூழலை வீஎன்வி என்ற கருவியால் உருவாக்கிக்கொண்டு உள்ளே போய் வேலை செய்யலாம்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தமிழ் லைப்ரரியைப் பழகுவதற்காக எழுதும் கோப்புக்கே தமிழ் என்று பெயர் வைத்துவிடுவார்கள். பைத்தான் லைப்ரரியைத் தேடும்போது ஓட்டுகிற கோப்பு இருக்கும் அடைவில்தான் முதலில் பார்க்கும். அங்கே அதே பெயரில் அந்தப் பிள்ளையின் கோப்பு. அதையே லைப்ரரி என்று எடுத்துக்கொண்டு, பாதி ஏறிய நிலையில் நின்று, வட்டமாக அழைத்துக்கொள்கிறாய் போலிருக்கிறது என்று முறையிடும். அக்டோபர் 2024இல் வந்த பைத்தான் 3.13, உன் கோப்பின் பெயரை மாற்றிப் பார் என்று தானே யோசனை சொல்கிறது. யாரோ பொறுமையுள்ள ஒருவர், தொடக்கக்காரர்கள் எங்கே மாட்டுகிறார்கள் என்று கவனித்து அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்வது உண்டு.

*

இங்கே பிள்ளைகள் எழுதிப் பார்க்கும் நிரல்களில் மீன் வராமல் இருக்காது. ஒரு பெண் ஏல விலைப் பட்டியல் ஒன்றைக் கோப்பாக வைத்திருந்தாள். முதல் வரியில் வீராம்பட்டினம் என்று ஊர்ப்பெயர். அடுத்து மத்தி, சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, எதிரில் விலை. கல்லூரி லேபில் லினக்ஸ் கணினியில் ஓடிய நிரல் வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில் ஓடவில்லை. லைப்ரரி கெட்டுவிட்டது என்றாள். அவள் அப்படி நினைத்ததிலும் நியாயம் இருந்தது: செய்தி சுட்டிக்காட்டிய இடம் அவள் எழுதிய கோப்பில் இல்லை. பைத்தானின் சொந்த அடைவுக்குள், என்கோடிங்ஸ் என்ற பகுதியில், சிபி 1252 என்ற கோப்பில் இருந்தது.

கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். சார்மேப் என்ற முறையால் 17ஆம் இடத்தில் உள்ள 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, அதற்கு எழுத்து வரையறுக்கப்படவில்லை என்று இருந்தது.

17 என்று இவ்வளவு திட்டமாகச் சொல்லும் செய்தியை நம்பி எண்ணிப் பார்க்கலாம் என்று தாளை எடுத்தோம். கோப்பு சேமிக்கப்பட்டிருந்த யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். வ, அதன் மேல் ஈகாரக் குறி, ர, அதன் கால், ம, அதன் புள்ளி. ஆறு குறிகள், 18 பைட்டுகள். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் 18ஆவது பைட்டுக்கு 17 என்று பெயர். அது மகரத்தின் புள்ளியினுடைய கடைசி பைட். வீராம்பட்டினம் என்ற பெயரில் முதல் புள்ளி எங்கே வருகிறதோ, அங்கே இயந்திரம் நின்றிருந்தது.

அந்தத் தாளை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

*

காரணம் இது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று அமைத்த பழைய எழுத்துப் பட்டியல் சிபி 1252. அதில் பைட்டுக்கு ஒன்றாக 256 இருக்கைகள். ஐந்து மட்டும் காலி, பதினறும எண்முறையில்: 81, 8டி, 8எஃப், 90, 9டி. இந்தியாவில் ஆங்கில அமைப்போடு வரும் விண்டோஸில், எந்த முறை என்று நாம் சொல்லாவிட்டால், பைத்தான் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கோப்பைத் திறக்கிறது. லினக்ஸ் யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். லேபுக்கும் வீட்டுக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவே.

அந்த ஐந்து காலி இருக்கைகளில் நான்கு தமிழில் வருகின்றன. உகரக் குறி 81இல் முடிகிறது. புள்ளி 8டியில். ஏ 8எஃப்பில். ஐ 90இல். இவற்றில் ஏதாவது ஒன்று வந்ததும் இயந்திரம் நின்றுவிடும். புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுவது கடினம் என்பதால், தமிழ்க் கோப்பு முதல் வரியைத் தாண்டுவதே அரிது.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும். எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்தார். அந்தப் பழக்கம் தெரிந்த வாசகர் இருந்ததால் சுவடி பிழைத்தது. கணினிக்கு அப்படி ஊகிக்கத் தெரியாது. எந்த முறையில் எழுதினாய் என்பதை நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

சிபி 1252இல் பிரெஞ்சு எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இருக்கை உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் இ0. அந்தப் பட்டியலில் அது, தலைக்கு மேல் சாய்கோடு போட்ட பிரெஞ்சு அகரம். தமிழ்க் கோப்பைத் தவறாகத் திறந்தால் வரும் குப்பையில் மூன்று எழுத்துக்கு ஒருமுறை அந்த அகரம் தலைகாட்டுவது இதனால்தான். புதுச்சேரி நகரத்துத் தெருப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் பிரெஞ்சைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த எழுத்து பழக்கமானது. ஆனால் பலகையில் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. திரையில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

*

வீராம்பட்டினம் என்ற சொல்லின் நீளம் என்ன என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எட்டு என்றாள், விரல்விட்டு எண்ணி. பைத்தானைக் கேட்டால் 14 என்கிறது. அது குறிகளை எண்ணுகிறது. கோப்பின் அளவைப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு 42 பைட். ஓப்பன்-தமிழைக் கேட்டால் எட்டு. மூன்று எண்களும் சரிதான். ஆனால் தமிழ் படித்த பிள்ளை விரலில் எண்ணிய எண்ணைத் திருப்பித் தருவது அந்த லைப்ரரி மட்டும். லைப்ரரி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். இதற்கு மேல் விளக்கம் அவர்கள் கேட்பதில்லை.

*

அடுத்த மாலை அவளே ஒரு சோதனையோடு வந்தாள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு பகுதிகளின் பெயர்களையும் நான்கு கோப்புகளில் தனித்தனியாக எழுதியிருந்தாள். வேண்டுமென்றே முறையைச் சொல்லாமல் திறந்தாள். புதுச்சேரி 5ஆம் இடத்தில் நின்றது. பகரத்தின் உகரக் குறி. காரைக்கால் வீராம்பட்டினத்தைப் போலவே 17இல், ககர மெய்யின் புள்ளியில். ஏனாம் முதல் எழுத்திலேயே, 2இல். மாகே நிற்கவில்லை.

மாகேயில் புள்ளி இல்லை, உகரக் குறி இல்லை, ஏ, ஐ தனியெழுத்தாக வரவில்லை. அதன் 12 பைட்டுகளுக்கும் அந்தப் பட்டியலில் இருக்கை உண்டு. நிரல் ஓடி முடிந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அச்சிட்டுப் பார்த்தால் 12 அந்நிய எழுத்துகள்.

இதை நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மீன் பட்டியலில் மத்தியும் வஞ்சிரமும் இல்லாமல் பாறை, சீலா, கவளை என்று மட்டும் இருந்திருந்தால், ஊர்ப்பெயரும் மேலே இல்லாதிருந்தால், ஒரு தடங்கலும் இல்லாமல் நிரல் ஓடியிருக்கும். பெயர்கள் அத்தனையும் குப்பையாகியிருக்கும். திரையில் அச்சிடாமல் விலைகளை மட்டும் கூட்டியிருந்தால் குப்பையானது கண்ணில்கூடப் பட்டிருக்காது. அதை இன்னொரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தியிருந்தால், பிழை தொடங்கிய இடத்தை யார் கண்டுபிடிப்பது?

நின்று, இந்த இடத்தில் இந்த பைட் புரியவில்லை என்று சொன்ன இயந்திரம் நமக்கு நன்மை செய்திருக்கிறது. பிழைச்செய்தி வரும் நாளில் சோர்ந்துபோகும் பிள்ளைகளிடம் மாகேயைத்தான் இப்போது காட்டுகிறேன். செய்தி வராத நாளிலும் வெளியீட்டைத் திறந்து ஒரு வரியாவது படித்துப் பார் என்பது நான் புதிதாகச் சேர்த்துக்கொண்ட பாடம்.

பிழைச்செய்தியை வாயடைக்கும் வழிகளும் உண்டு. புரியாத பைட்டைத் தள்ளிவிட்டுப் போ என்று நிரலுக்கு ஒரு சொல்லில் கட்டளையிடலாம். சிவப்பு எழுத்து மறைந்துவிடும், கோப்பிலிருந்து படித்த புள்ளிகளும் அதோடு சேதமாகும். அவசரத்தில் பலர் இந்த யோசனையைச் சொல்லித் தருகிறார்கள். பழகும் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தருவதை நான் தவறு என்றே நினைக்கிறேன்.

*

தானாகத் தீராதபோது கேட்க ஆள் வேண்டும். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் விழுப்புரம் ஜிஎன்யு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2012 முதல் கணியம் இதழ் நிரல் பாடங்களைத் தமிழில் தந்துவருகிறது. கேட்கும்போது கடைசி வரியை மாற்றாமல் முழுதாகக் கொடுங்கள். எந்த இயங்குதளம், பைத்தானின் எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளையில் நிறுவினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வியை இப்படி எழுதி முடிப்பதற்குள் விடை கிடைத்து, கேட்காமலே திரும்பிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்க் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும், படிப்பதற்கானாலும் எழுதுவதற்கானாலும், என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். பைத்தான் 3.15இல் அதுவே இயல்பான முறை ஆகும் என்று முடிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் உள்ள பழைய மடிக்கணினிகளில் பழைய பைத்தான்தான் இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகிறது. அதுவரை அந்த ஒரு சொல்லை நாம்தான் எழுத வேண்டும்.