எழுதுகோல் உயர்த்தப்பட்ட பிள்ளைகள்

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பது பற்றிப் பேச்செடுத்தால், நம்மவர் மத்தியில் ஒரு ஹதீஸ் முன்வைக்கப்படுகிறது. உறங்குபவர், பருவமடையாத பிள்ளை, புத்தி தெளிவற்றவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. கேள்வி கணக்கே இல்லாத பிள்ளையைப் போட்டு ஏன் வதைக்க வேண்டும் என்பது அதிலிருந்து நம்மவர் எடுக்கும் முடிவு.

உயர்த்தப்பட்டது எந்த எழுதுகோல்? குற்றங்களைப் பதியும் எழுதுகோல். பிள்ளையின் விரல்களில் நாம் பிடித்துக் கொடுக்க வேண்டிய பென்சிலைப் பற்றி அங்கு பேச்சில்லை. அதே ஹதீஸ் பருவமடையாத பிள்ளையையும் சேர்த்தே சொல்கிறது; அதற்காக ஐந்து வயதுப் பிள்ளையை யாரும் ஓதப் போடாமல் விடுவதில்லையே! புத்தி தெளிவற்றவரின் சொத்தைக் காக்க வலீ ஒருவர் வேண்டுமென்கிறது ஃபிக்ஹு. சொத்துக்குக் காவல் வேண்டுமானால், அவரிடமுள்ள கொஞ்ச ஆற்றலுக்கு வேண்டாமா?

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த உம்மா ஒருவரிடம் உறவினர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள்: "வாசிச்சாலும் அவனுக்கு என்ன விளங்கப் போகுது?" குர்ஆனைப் பலமுறை ஓதி முடித்தும் பொருள் அறியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு ஓதத் தெரியாது என்று எவரும் சொல்வதில்லை. அந்த மகனிடம் மட்டும் விளக்கத்தை முற்பணமாகக் கேட்கிறோம். விளக்கம் தேவையில்லை என்பதல்ல என் வாதம். அது எழுத்துக்குப் பின்னாலும் வரலாம்.

வந்திருக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1900ஆம் ஆண்டளவில் ரோம் நகரில் மரியா மொண்டிசோரி இத்தகைய பிள்ளைகளுக்கு எழுத்துகளைத் தொட்டுத் தடவிப் பழகக் கொடுத்தார். அவர்களிற் சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்குரிய பரீட்சையிலேயே தேறினர். 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று கொழும்பில் அவர் பெயரைத் தாங்கிய பாலர் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. அவருடைய முறை யாரிடத்தில் பிறந்ததோ, அந்தப் பிள்ளைக்கு அங்கே இடம் கேட்டுப் பாருங்கள். பாடசாலை அனுமதியில் இயலாமையைக் காரணங்காட்டிப் பாகுபாடு செய்யலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது என்பது வேறு கதை.

எப்படிக் கற்பிப்பது என்பதில் ஆசிரியர்களிடையே வழக்கு உண்டு. 'ஆபத்து', 'மருந்து' போன்ற சில சொற்களைப் படம்போல மனத்திற் பதிய வைத்தால் போதும் என்பதே நெடுங்காலக் கொள்கை. டெக்சாஸில் ஜில் ஆலோர் குழுவினர் நான்கு ஆண்டுகள்வரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறையாகக் கற்பித்தால் இவர்களும் கற்கிறார்கள், ஆனால் ஆண்டுகள் எடுக்கும். தமிழின் 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்புவிக்க வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளையின் பெயரிலுள்ள எழுத்துகளில் தொடங்கலாம். அவை அவனுக்குச் சொந்தமானவை.

நமது பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அவன் வீதிக்கு இறங்கினால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று எழுத்துகள். மத்ரஸாவில் நான்காவதாக அரபு. நான்கையும் ஒன்றாகத் திணித்தால் ஒன்றும் நிற்காது. வீட்டில் பேசும் தமிழ் முதலில் வரட்டும். காலி வீதி பஸ்ஸுக்கு இப்போதைக்கு 100, 101 என்ற இலக்கங்கள் போதும். அரபு எப்போது என்று அந்த உம்மா கேட்கிறார். தமிழில் இரண்டு எழுத்தைத் தானாகக் கூட்டி ஒரு சொல்லாக்கும் நாளில் தொடங்கலாம் என்றேன்.