ஆண் சலாண்டிட்

போக்கிமான் ஆட்டத்தில் சலாண்டிட் என்றொரு பல்லி உண்டு. 2016இல் வந்த 'சன்', 'மூன்' இரண்டிலும்தான் முதன்முதலில் தலைகாட்டியது. விஷமும் நெருப்பும் சேர்ந்த வகை. பெண் சலாண்டிட் 33ஆம் லெவலைத் தொட்டால் சலாசில் ஆகிவிடும். நெடுநெடுவென்று, ராணி மாதிரி. ஆண், லெவல் 100 போனாலும் சலாண்டிட்தான். கொடுமை என்னவென்றால், பிறப்பதில் எட்டுக்கு ஏழு ஆண்.

வியாசர்பாடியில் என் அக்கா பையன் இதைத்தான் முட்டை முட்டையாகப் பொரித்துக்கொண்டிருந்தான். ஆண் வந்தால் உடனே ரிலீஸ். ஏன்டா என்றேன். "வேஸ்ட் மாமா. அதோட நேச்சரே அப்படி."

('நேச்சர்' என்ற சொல்லுக்கு அந்த ஆட்டத்துக்குள் வேறொரு பொருள் இருக்கிறது. அவன் சொன்னது அதை அல்ல.)

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். அந்த ஆட்டத்துக்குள் இயற்கை என்று எதுவும் கிடையாது. பெண்ணா, 33 ஆகிவிட்டதா என்று பார்க்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அவ்வளவுதான். யாரோ சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தது. ஆனால் போக்கிடெக்ஸைத் திறந்தால் அது விலங்கியல் பாடமாக இருக்கும்: சலாசிலின் வாசனையில் மயங்கிய ஆண்கள் அதற்கு இரை தேடிக்கொண்டுவந்து கொடுக்குமாம். முடிவு எடுத்தவர்கள் காணாமல் போய், பல்லியின் குணம் மட்டும் மிஞ்சுகிறது. இப்படிப்பட்ட வர்ணனைகளுக்குப் பலம் அதிகம். அரணை கடித்தால் மரணம் என்கிறோம். அரணைக்கு விஷமே கிடையாது. அடிபட்டுச் சாவதென்னவோ அதுதான்.

இத்தனைக்கும் இதே சலாண்டிட்டுக்காக அவர்கள் ஒரு விதியை வளைத்திருக்கிறார்கள். எஃகு வகைப் போக்கிமானுக்கு விஷம் ஏறாது என்பது அந்த ஆட்டத்தின் பழைய சட்டம். 'கரோஷன்' என்றொரு திறனைப் புதிதாகக் கொண்டுவந்து, சலாண்டிட் எஃகுக்கும் விஷமேற்றும் என்றார்கள். அந்தத் திறன் ஆணுக்கும் உண்டு. ஆக, வேஸ்ட் என்று விரட்டப்படுகிற பல்லி, எஃகைக் கரைக்கத் தெரிந்த பல்லி.

பிக்சலுக்கு வலிக்குமா என்று கேட்பீர்கள். வலிக்காது. அவன் ஆயிரம் பல்லியை ரிலீஸ் பண்ணட்டும், எனக்குப் பிரச்சினையில்லை. 'இப்படி வைத்திருக்கிறார்கள்' என்பது 'இது இப்படித்தான்' என்று அவன் வாயில் எவ்வளவு சுலபமாக மாறியது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் அவன் இருக்கிற ஏரியாவைப் பற்றி மற்றவர்கள் பேசுவதும் இதே இலக்கணத்தில்தான். இன்டர்வியூவில் என் அட்ரஸைப் பார்த்துவிட்டு "ஓ, அந்தப் பக்கமா" என்று இழுத்தவர்கள் உண்டு. ஃபுட்பால் தெரிந்தவர்கள் இந்த இடத்தைக் குட்டி பிரேசில் என்பார்கள். சினிமா மட்டும் பார்த்தவர்களுக்கு ரவுடி ஏரியா.

கணேசபுரம் சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமழை என்றாலே அது மூழ்கும், மூடுவார்கள், செய்தியில் வரும். கேட்டால் "தாழ்வான பகுதி" என்று பதில். ஏதோ பூமி உண்டானபோதே தண்டவாளத்துக்கு அடியில் அந்தப் பள்ளமும் உண்டானது போல. எவ்வளவு ஆழம் வெட்டுவது, விழுகிற தண்ணீர் எந்த வழியாக வெளியேறுவது என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்துதானே வெட்டியிருப்பார்கள்? அந்த யாரோ செய்தியில் வருவதில்லை. வண்டிகளைத் திருப்பிவிட்டு மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். அடுத்த மழைக்கும் மோட்டார் வரும்.