கறுப்புக்கும் ஓர் அளவு

குற்றாலம் பேரருவியின் கறுப்பு-வெள்ளைப் படத்தில் தண்ணீரின் வெண்மையைத் தூக்கிக் காட்டுவதே நனைந்த பாறையின் கறுப்புதான். அந்தக் கறுப்புக்கு ஆசைப்பட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் மையைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு தாள் குடிக்கும் மைக்கு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் மை தேங்கும், ஓரங்களில் கசியும். சில மேட் தாள்களில் கறுப்பு வெளிறவும் செய்யும். பாறையின் வெடிப்பு, பாசி, நீர்க்கோடு எல்லாம் ஒரே திட்டாகிவிடும். நல்ல படத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டாம்.

அந்த எல்லையைக் கண்டறிய, வண்ணத் திருத்தங்களை நிறுத்திவிட்டு, 5 சதவீதம் வீதம் மை ஏறும் கட்டங்களை 100 வரை ஒரே தாளில் அச்சிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் அடர்த்திமானியால் அளக்கலாம். அது இல்லையென்றால் சன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கலாம். எந்தக் கட்டத்துக்கு மேல் கறுப்பு ஏறவில்லையோ, அதுதான் அந்தத் தாளின் எல்லை. தாள் மாறினால் எல்லையும் மாறும். தென்காசியில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் மை காய நேரம் பிடிக்கும். ஈரத்தோடு அளந்தால் கணக்கு தப்பும்.

புதிய தாள்கட்டைப் பிரித்ததும் முதல் தாளைச் சோதனைக்கே கொடுத்துவிடுங்கள்.