புளித்தது தீட்டா?

சமைத்து ஓர் இரவு கடந்த உணவு உண்ணத் தகுந்ததா என்பது சமய நூல்களில் பழைய கேள்வி. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவை முக்குணங்களின்படி பிரித்து, இரவு கடந்ததையும் சுவை கெட்டதையும் எச்சிலையும் தாமசக் குணத்தாருக்குப் பிடித்தவை என்று ஒதுக்குகிறது. மனுஸ்மிருதி புளித்தவற்றை விலக்கச் சொல்லிவிட்டு, தயிருக்கும் தயிரில் ஆனவற்றுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. சமணம் இன்னும் கண்டிப்பு: ஈரத்தோடு இரவு தங்கிய சோற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும், அதை உண்பது அவற்றைக் கொல்வது. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடி பிறந்துவிட்டால் மாரியம்மன் கோயில் வாசல்களில் புளித்த மாவில் காய்ச்சிய கூழ் அண்டா அண்டாவாக அம்மனுக்குப் படைக்கப்படுகிறது. விலக்கப்பட்ட பண்டம் படையலான விதத்தைக் கூழ் காய்ச்சும் முறையிலேயே பார்க்கலாம்.

முதல் நாள் கேழ்வரகு மாவையோ கம்பு மாவையோ தண்ணீரில் கரைத்து மூடி வைக்கிறார்கள். விடிவதற்குள் கரைசலில் சிறு குமிழ்கள் எழும்பி, புளித்த வாடை வந்திருக்கும். அரிசி நொய்யை உலையிலிட்டு, வெந்ததும் இந்தக் கரைசலை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டுகிறார்கள். ஆறிய கூழில் உப்பும் மோரும் கலந்து, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டு, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய பானையிலிருந்து ஊற்றுகிறார்கள். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். புளிப்பு முதலில், நெருப்பு பிறகு. அம்மனுக்கு வைக்கும் கூழ் அன்று காலையில் அடுப்பிலிருந்து இறங்கியது. சாஸ்திரக் கணக்கில் அது பழையதே அல்ல. பழைய சோற்றில் வரிசை தலைகீழ்: நெருப்பு முதலில், புளிப்பு பிறகு. வீட்டுக்கு வீடு விரும்பிக் குடிக்கும் நீச்சத்தண்ணி என்னும் பழைய சோற்று நீர் பொதுவாகப் படையலில் இடம்பெறாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் கோயில் இட்லியிலும் மாவு புளித்த பிறகே வேகிறது. இரவு செய்த வேலையை நெருப்பு தூய்மையாக்கித் தருகிறது என்பது மரபின் தீர்ப்பு.

நுண்ணுயிரியலின் கணக்கு வேறு. மாவைப் புளிக்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவை சுரக்கும் அமிலம் கெடுக்கும் கிருமிகளை அடக்குகிறது. தானியத்தின் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலமும் புளிக்கும்போது குறைகிறது. கொதிக்கும்போது பாக்டீரியாக்கள் மடிகின்றன, அவை செய்துவைத்த நன்மை மட்டும் மிஞ்சுகிறது. கூழில் மறுபடி உயிர் சேர்வது ஆறிய பின் ஊற்றும் மோரில்தான். பழைய சோற்று நீரில் அவை உயிரோடு குடலுக்குப் போகின்றன. கூடவே, வெந்து ஆறிய சோற்றில் ஒரு பங்கு மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறியிருக்கும். அது பெருங்குடலை எட்டி, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதிலிருந்து உண்டாக்கும் பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். நாமக்கல் தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயத்தின் ஃபிரக்டான் சர்க்கரைகளும் அப்படியே: மனிதரிடம் அவற்றை உடைக்கும் நொதி இல்லை, குடல்வாசிகளிடம் உண்டு. உயிரோடு போகும் நுண்ணுயிர் புரோபயாட்டிக், அதற்குப் போடும் தீனி பிரீபயாட்டிக் என்பது இன்றைய தளர்வான பெயர்வழக்கு. நீச்சத்தண்ணியைக் குடித்து வெங்காயத்தைக் கடிப்பவர் இரண்டையும் ஒரே வேளையில் உண்கிறார். சமணக் கண்ணில் அவர் செய்வது ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பிழை: இரவு தங்கியது, நீரில் ஊறியது, மண்ணுக்கடியில் விளைந்தது.

இந்த விவாதத்தில் உண்மை நிலவரத்தைச் சரியாக ஊகித்தது சமணமே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உருப்பெருக்கி இல்லாத காலத்திலேயே அது பானைக்குள் உயிர்க்கூட்டம் இருப்பதாகச் சொன்னது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி மனித உடம்பில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனித செல்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் உள்ளன. பானையை ஒதுக்கினாலும் இவற்றை ஒதுக்க வழியில்லை. பட்டினி கிடந்தால் இவற்றுக்கும் தீனி குறைகிறது. ஆகவே கொல்லாமை என்பதைச் செத்த உயிர்களின் எண்ணிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டால் அது எங்கும் நிற்காது. கவனத்தோடும் அளவோடும் வாழ்வது என்று எடுத்துக்கொண்டால் நிற்கும். சமண ஒழுக்கமும் இல்லறத்தார்க்கும் துறவிக்கும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருப்பதை இங்கே நினைக்கலாம்.

உண்பவர் யார் என்பது இதிலிருந்து கிளைக்கும் கேள்வி. வயிற்றில் வைசுவாநரன் என்னும் தீயாக இருந்து உணவைச் செரிப்பவன் தானே என்று கீதையின் 15-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான். செரிமானம் உண்பவரின் சொந்தச் சாதனை அல்ல என்பது அதில் அடங்கியிருக்கிறது. சைவ சித்தாந்தத்துக்கும் குடல் பாக்டீரியாவால் அதிர்ச்சி ஏதுமில்லை. அதன்படி உடம்பு மாயையிலிருந்து உயிருக்குக் கிடைத்த கருவி, அந்தக் கருவியில் எத்தனை பேர் குடியிருந்தாலும் உயிர் வேறுதான். ஆட்டம் காண்பது, உடம்பே நான், இது எனக்கு மட்டும் சொந்தம் என்னும் நவீன நம்பிக்கை.

உடம்பு தனக்கு மட்டும் சொந்தமல்ல என்பதை நாமக்கல் கோழிப்பண்ணைகள் தத்துவம் பேசாமலே தெரிந்துகொண்டன. பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாய்க்கோழியைப் பார்ப்பதே இல்லை. தாயின் எச்சத்தைக் கொத்திப் பெற வேண்டிய நுண்ணுயிர்களும் அதற்குக் கிடைப்பதில்லை. வளர்ந்த கோழியின் குடல் பொருளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா தொற்றாமல் காக்கலாம் என்று 1973இல் பின்லாந்தின் நுர்மியும் ரந்தாலாவும் காட்டினார்கள். இன்று தீவனத்தில் புரோபயாட்டிக் கலப்பது சாதாரணம். கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019இல் இந்திய அரசு தடைசெய்தபின் புரோபயாட்டிக்கின் தேவையும் கூடியது.

இதையெல்லாம் வைத்துப் பழையதெல்லாம் மருந்து என்று முழங்குவது இன்னொரு மூடநம்பிக்கை. போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்குப் பயன் தரும் உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாட்டிக் என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் வகுத்த வரையறை. எந்த நுண்ணுயிர், எவ்வளவு என்று தெரியாத பானை அந்தப் பெயருக்கு உரியதாகாது. தண்ணீர் அசுத்தமானால் அதே பானையில் நோயும் வளரும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. சாஸ்திரம் காலத்தை எண்ணியது இந்த விஷயத்தில் வீண்போகவில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் பானையில் தண்ணீர் ஊற்றிய சோறு காலையில் ஆளுக்கு, உச்சி தாண்டினால் மாட்டுத்தொட்டிக்கு என்று வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் கணக்கும் காலக் கணக்குதான். ஓர் இரவை அவர்கள் அனுமதிக்கிறார்கள், அதற்கு மேல் இல்லை.