வில்லங்கம்

என் அப்பா அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சின்ன வயதில் பள்ளி விட்டதும் அங்கே போய் உட்காருவேன். நான் முதலில் கற்ற பெரிய மனிதர் சொல் 'வில்லங்கம்'. மனையை விற்கிறவர் அதன்மேல் கடனோ வழக்கோ இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரியை மட்டும் அப்பா இரண்டு தடவை வாசித்துக் காட்டுவார். 'புரியுதா?' என்று முகத்தைப் பார்ப்பார்.

2022 கோடையில் டல்லாஸ் பக்கம் ரிச்சர்ட்சனில், நாலு பேர் தங்கிய அறையில், அதே வரி எனக்கு வந்து சேர்ந்தது. எம்.எஸ். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். எந்த நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் திறந்தாலும் கடைசியில் இரண்டு கேள்விகள். அமெரிக்காவில் வேலை பார்க்கச் சட்டப்படி அனுமதி உண்டா? இப்போதோ பின்னாலோ வேலை விசாவுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?

முதல் கேள்வியில் சிக்கல் இல்லை. படிப்பு முடித்த மாணவருக்கு ஓபிடி என்று 12 மாத அனுமதி உண்டு. என்னுடையது போன்ற தொழில்நுட்பப் படிப்பு என்றால் மேலும் 24 மாதம். கையில் அந்த அனுமதிக் கார்டு இருந்தது. ஆம். இரண்டாவதில்தான் விரல் நின்றது. மூன்று வருடத்துக்கு நிறுவனம் விசா எதுவும் எடுத்துத் தர வேண்டாம். அதற்குள் ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழ வேண்டும். வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000. விண்ணப்பிப்பவர்கள் அதைப்போல் பல மடங்கு. குலுக்கலில் பெயரைப் போடுவதே நிறுவனம்தான், நானாகப் போட முடியாது. ஆக, நேர்மையான பதில் 'ஆம்'. ராத்திரி 2 மணிக்கு 'ஆம்' என்று அனுப்பினால் 2.04-க்கு நிராகரிப்புக் கடிதம் வரும். அந்த நேரத்தில் எந்த மனிதர் படித்திருக்கப் போகிறார்?

ஓபிடி தொடங்கினால் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். எனக்கு 41 ஓடியிருந்தது. அறைத்தோழி ஹைதராபாத்காரி. அவள் அம்மா மகளுக்காகச் சில்கூர் பாலாஜி கோயிலில் 11 சுற்றுச் சுற்றிவிட்டு, பலித்தால் 108 சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அளவு பக்தி கிடையாது. வள்ளுவரை வக்கீலாகப் பிடித்தேன்.

குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிற குறள் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். நமக்கு வசதியான இடத்தில் அது நினைவுக்கு வருவதும் எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்று கேட்பவன் கொலைகாரனாக இருந்தாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதிய தத்துவ ஞானி காண்ட்டுக்கு இந்தக் குறளைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. என் வாசலில் நின்றதோ 'ஆம், இல்லை' என்று இரண்டே பதில் வைத்திருந்த ஒரு பெட்டி. நெஞ்சில்லாத சல்லடையிடம் சொல்வதற்குப் பொய் என்று பெயரா? யாருக்கு என்ன தீங்கு? போதாக்குறைக்கு, எதிர்காலம் யாருக்குத் தெரியும்? மூன்று வருடத்தில் நான் ஊருக்கே திரும்பிவிடலாமே!

இந்தக் கடைசி வாதத்தில் ரொம்ப நாள் குடியிருந்தேன். உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, உடம்புக்கு மெய்மை என்று நம் பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். நடக்கப்போவது எனக்குத் தெரியாது, சரி. உள்ளத்தில் இருப்பது தெரியுமே. ஊருக்குத் திரும்பும் எண்ணம் அன்று என்னிடம் துளியும் இல்லை. நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்வதே பொய், சொன்னது பின்னால் பலித்தாலும் பலிக்காவிட்டாலும், என்று கிறிஸ்தவ ஞானி ஆகஸ்தீன் 1,600 வருடத்துக்கு முன்பே இந்தக் கதவைச் சாத்திவிட்டார். குறளில் சொன்ன நன்மையோ எனக்கு மட்டும் வரும் நன்மை. அதைக் குற்றமில்லாதது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டால், வக்கீலும் நான், நீதிபதியும் நான்.

இதெல்லாம் பின்னால் யோசித்தது. அன்று ராத்திரி 'இல்லை' என்று அழுத்தினேன்.

மூன்று சுற்று நேர்காணல் நடந்தது. சம்பளம் பேசக் கூப்பிட்ட ஹெச்ஆர் அம்மா, பேச்சோடு பேச்சாக, "விசா ஸ்பான்சர்ஷிப் வேண்டியதில்லை, இல்லையா?" என்றார். இம்முறை சல்லடை இல்லை, ஒரு குரல். உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. "சொன்னதற்கு நன்றி" என்றார். அவ்வளவுதான். அவர்கள் செய்ததில் சட்டப்படித் தவறில்லை. ஸ்பான்சர் செய்ய மாட்டோம் என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அரிச்சந்திரன் கதையில் உண்மை பேசியவருக்குக் கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். எனக்கு 58-ஆவது நாள் கிடைத்தது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் தொழில்காரராகக் கேட்டார்: "நீ குடிமகள்னு எழுதிக் குடுக்கலையே?"

"இல்லப்பா." அப்படி எழுதியிருந்தால் கதையே வேறு. 1996-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, குடியுரிமை இருப்பதாகப் பொய் சொல்லி வேலையில் சேர்ந்தவருக்கு அந்த நாட்டின் கதவு அநேகமாக நிரந்தரமாகவே மூடிவிடும்.

"அது போலிப் பத்திரம். நீ செஞ்சது வில்லங்கத்த மறைச்சது. ரெண்டும் ஒண்ணில்ல. ஆனா ரெண்டுலயும் கிரயம் நிக்காதும்மா. அதுக்காவ, மனை பாக்க வந்தவன் வண்டிய விட்டு இறங்கும்போதே கூரை ஒழுகுதுன்னு கத்த வேண்டாம். கேட்டா சொல்லு. கேக்கலேன்னா அட்வான்ஸ் கை மாறுதுக்கு முன்ன சொல்லிரு."

நான் படித்த எந்தத் தத்துவமும் எப்போது சொல்ல வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை. அதன்பின் ரெஸ்யூமேயில் விசா பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. படிவத்தில் கேட்டால் 'ஆம்'. கேட்காத இடத்தில், ஆஃபர் பேச்சு தொடங்கும்போது நானே சொன்னேன். துல்சாவில் ஒரு சின்ன நிறுவனம். மேலாளருக்கு ஓபிடி என்றால் என்னவென்றே தெரியவில்லை. முதல் வருடம் ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த 24 மாதத்துக்கு, வேலை அனுமதியைச் சரிபார்க்கும் இ-வெரிஃபையில் நீங்கள் இருக்க வேண்டும், ஒரு பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அது முடிவதற்குள் குலுக்கல் என்று வரிசையாகச் சொன்னேன். மனுஷர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். 83-ஆவது நாள் சேர்ந்தேன். குலுக்கலில் இரண்டாவது முறை விழுந்தது. உண்மைக்கான கூலி என்று அதைச் சொல்ல மாட்டேன். என்னைவிட யோக்கியமான பலருக்கு விழவில்லை.

இப்போது ஆள் எடுக்கும் குழுவில் நானும் ஒருத்தி. போன வாரம் ஒரு பையனின் விண்ணப்பம். கோயம்புத்தூரில் பி.இ., டெக்சாஸில் எம்.எஸ்., முடித்தது இந்த மே மாதம். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை'. கிரீன் கார்டு உள்ளவனாக இருக்கலாம். பெயரையும் ஊரையும் வைத்து நானாக ஊகிப்பது பாரபட்சம், கேட்கவும் கூடாது. எங்கள் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. அதை அவனிடம் மட்டும் தனியாகச் சொல்லவும் எனக்கு வழியில்லை. புராஜெக்ட் பற்றியே கேட்டேன். நன்றாகப் பேசினான். கடைசியில் வழக்கம்போல், "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றேன்.

"ஒன்று சொல்லணும்..." என்று ஆரம்பித்தவன், திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.