முதலில் உங்கள் மாஸ்க்!

ஃப்ளைட் கிளம்பும் முன்னால் ஏர்ஹோஸ்டஸ் கையை ஆட்டி ஆட்டி டெமோ காட்டுவாரே, நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? அதில் ஒரு வரி உறுத்தும். 'ஆக்சிஜன் மாஸ்க்கை முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு, பிறகு குழந்தைக்குப் போடுங்கள்.'

என்னது? பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்க, அம்மா தனக்கு மாட்டிக்கொள்வதா? பிள்ளைக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற ஊரில் இது சுயநலம் இல்லையா?

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 35,000 அடி உயரத்தில் கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், புத்தி தெளிவாக இருப்பது அரை நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிஷம். குழந்தை முரண்டு பிடித்தால் அதிலேயே நேரம் போய்விடும். பிறகு இரண்டு பேருமே மயக்கம்.

இன்னொரு விஷயம்தான் பயங்கரம். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுத் திணறும், தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தெரியாது. சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்குமாம். 'எனக்கு ஒண்ணுமில்லையே' என்று சொல்கிற மூளைதான் அப்போது மக்கர் பண்ணிக்கொண்டிருக்கும்.

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பியது ஹீலியோஸ் ஏர்வேஸ் விமானம். காற்றழுத்த ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இல்லை, 'மேனுவ'லில் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. சுமார் 12,000 அடியில் அபாய ஒலி அடித்தது. தரையில் டேக்-ஆஃப் கோளாறுக்கும் அதே ஒலிதான். பைலட்கள் குழம்பிவிட்டார்கள். 'ஸ்விட்ச் ஆட்டோவில் இருக்கிறதா?' என்று தரையிலிருந்து இன்ஜினீயர் கேட்டார். கேப்டன் பதில் சொல்லாமல், வேறு சர்க்யூட் பிரேக்கர் விஷயத்தை விசாரித்தார். அத்தோடு பேச்சு நின்றது. ஆட்டோ பைலட்டிலேயே போய், ஏதென்ஸ் அருகே சுற்றி, எரிபொருள் தீர்ந்து குன்றில் மோதியது. 121 பேரும் பலி. பைலட்களுக்கான மாஸ்க் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அதனால்தான் பைலட்களுக்கான விதி: ஒலி கேட்டால் முதலில் மாஸ்க், அப்புறம் ஆராய்ச்சி. 'எனக்கு எப்படி இருக்கிறது' என்று யோசித்து முடிவெடுக்கிற வேலையே கிடையாது.

நம் வீடுகளைப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிற மருமகள், 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்பார். அதைச் சொல்வதே தூக்கம் கெட்ட மூளைதான். கஷ்டம் தெரிந்த பிறகு ஓய்வெடுக்கலாம் என்று காத்திருந்தால், தெரிகிற நேரம் வராமலே போகலாம். பக்கத்தில் இருப்பவர் 'கொஞ்சம் படும்மா' என்றால், அதுதான் அபாய ஒலி. வாதம் பண்ணாமல் படுத்துவிடுவது தியாகத்துக்குக் குறைச்சல் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த வரிக்கு இரண்டாவது பாதியும் உண்டு: 'பிறகு குழந்தைக்கு.' தன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவருக்குப் பெயர்தான் சுயநலக்காரர்.